குத்தாலிங்கம் மாமாவின் முன்பல்

ஜூன் 28

இன்று மாமாவை மைக் அடித்துவிட்டது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்காகத் தெற்கு ரதவீதியில் அறிவிப்புக் கொட்டகை போடுகிறார்கள். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாமா போய் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்திருக்கிறார். ரேடியோ செட்காரர் ஸ்டாண்டின் திருகை இன்னும் முறுக்கவில்லை. கம்பி சாய்ந்து, மைக் நேராக வாயில் வந்து இடித்திருக்கிறது. மேல் வரிசை முன்பல் பாதி போயே போய்விட்டது.

என் மாமனார் குத்தாலிங்கம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம் வண்டி எங்கே நிற்கிறது, திருநெல்வேலி வண்டி எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லிச் சொல்லி ஊருக்கே பழகிப்போன குரல். தபசு வந்துவிட்டால் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பதும் அவர்தான். ஊரில் பாதிப் பேர் தன் குரலால்தான் அம்மாவிடம் திரும்பிப் போனார்கள் என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் மிகைதான். ரொம்ப இல்லை.

நான் என் பல் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேசினால் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. இப்போதே கிளினிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"காலைல பாப்பம்ட்டி. சோர்ந்து வந்திருக்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அத்தை. அத்தை பேர் ஆவுடையம்மாள். அவர் 'பாத்துக்கிடுதேன்' என்று சொல்லிவிட்டால் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

ஜூன் 29

மாமா பல்லைக் கட்டியாயிற்று. அழகாக வந்திருக்கிறது. நானே நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

நரம்பு தெரியவில்லை, நல்லவேளை. ஆனால் எனாமலுக்கு உள்ளே மஞ்சளாக இருக்குமே, டென்டின், அது நன்றாகவே திறந்து கிடந்தது. புதிதாக வாங்கிய பாட்டிலை எடுத்தேன். அமிலமும் பசையும் அதில் ஒன்றாகவே இருக்கும். தடவி, லேசாகக் காற்றடித்து, நீல வெளிச்சம் காட்டினால் போதும். தனியாக அமிலம் வைத்துக் கழுவுகிற தொல்லை இல்லை. அதன் மேல் பல் நிற ரெசினை அடுக்கடுக்காக வைத்தேன்.

மாமா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. உடைந்த பல்லில் காற்றுப் பட்டாலே ஆள் துள்ளுவார்கள். என் கை அவ்வளவு மென்மை போலிருக்கிறது என்று எனக்கே ஒரு கர்வம்.

எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து, "சங்கரன்கோவில், சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றார். ஒரு எழுத்தும் சிந்தவில்லை. கிளினிக்குக்குக் கீழே உரக்கடையில் நின்ற எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போன ஆவணியில் கிளினிக் திறந்ததிலிருந்து இந்த ஊர் என்னிடம் பல்லைப் பிடுங்கவும், வலித்தால் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு போகவும்தான் வருகிறது. கட்டவும் தெரியும் என்று இனிமேலாவது தெரியட்டும்.

உதவிக்கு இருக்கிற பிரேமா இன்று ஏகப்பட்ட தற்காலிகச் சிமென்ட் குழைத்தாள். அறையெல்லாம் கிராம்பு வாசனை அடிக்கிறதாம், கீழ்க்கடைக்காரர் சொன்னார். எனக்கு அது தெரிவதே இல்லை. இவர், என் வீட்டுக்காரர், தூத்துக்குடியிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கினால், என் துப்பட்டாவை மோந்துவிட்டு, "என்ன வடிவு, பிரியாணியா?" என்று கேட்பார்.

ஜூலை 2

பல் விழுந்துவிட்டது. இட்லி தின்னும்போது. இட்லி!

ஜூலை 3

திரும்பக் கட்டினேன். இந்த முறை நிறைய நேரம் எடுத்து, வெளிச்சத்தையும் கூடுதலாகக் காட்டினேன். அன்று எச்சில் பட்டிருக்கும், வேறென்ன. மாமா நாக்கைச் சும்மா வைத்திருக்கிற ஆளா. பஞ்சை வைத்து அடைத்து, பிரேமாவை உறிஞ்சுகுழாயோடு நிற்க வைத்தேன்.

அத்தை நேற்றே வந்து, "நாளைக்கு எத்தன மணிக்கு வேலட்டி?" என்று கேட்டுக்கொண்டு போனார். பத்து மணிக்கு என்றேன். ஒன்பதரைக்கே மாமாவை அனுப்பிவிட்டார். கடிகாரம் மாதிரி.

ஜூலை 6

தயிர்ச்சோற்றில் விழுந்தது. மாமா அதைக் கழுவி, ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக வைத்து, கிளினிக்குக் கொண்டு வந்து தந்தார். "ஒன் சாமான் தாயி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவருக்குப் போன் போட்டு, அப்பாவைத் திருநெல்வேலியில் வேறு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றேன். இவர் கேட்டுப் பார்த்தாராம். "என் மருமவ கையத் தவிர வேற எவன் கையும் என் வாய்க்குள்ள நுழையாது"ன்னு அப்பா சொல்லிவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கென்ன, துறைமுகத்தில் கப்பலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதோடு இன்னொரு சேதி. பதினொன்றாம் தேதி கொடியேற்றம். அதற்குள் பல் நிற்கவில்லை என்றால் மாமா மைக்கைத் தொட மாட்டாராம். ஓட்டைப் பல்லோடு பேசினால் பெற்றவர்களுக்குப் பிள்ளை பேரே புரியாது என்கிறார். விழாக் கமிட்டியில் ஒலிநாடா போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். ஒலிநாடா எப்படித் தொலைந்த பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லும்?

ஜூலை 7

நூர்ஜஹானுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் என் பெஞ்ச், மேலப்பாளையத்துக்காரி. இப்போது சென்னையில் இதே பசை ஆராய்ச்சியில்தான் மேல்படிப்புப் படிக்கிறாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அபூர்வம்.

"காத்து ரொம்ப அடிச்சுக் காயப்போட்டியா?"

"இல்லடி."

"ஒழுங்காச் சொல்லு. டென்டினக் காயப்போட்டா உள்ள இருக்க நாரெல்லாம் படுத்துரும். பச எங்க போய்ப் பிடிக்கும்? ஈரமும் கூடாது, காய்ச்சலும் கூடாது."

இது எனக்குத் தெரியும். சிமென்ட் பூசுமுன் கொத்தனார் சுவரில் தண்ணீர் தெளிப்பது போலத்தான். காய்ந்த சுவரிலும் பிடிக்காது, தண்ணீர் ஓடுகிற சுவரிலும் பிடிக்காது. அவள் விடவில்லை. பாட்டில் மூடியைத் திறந்தே வைத்தாயா, கம்ப்ரஸர் காற்றில் எண்ணெயோ தண்ணீரோ வருகிறதா, விளக்கின் பவர் குறைந்திருக்கிறதா, வயசான பல் இறுகிப்போயிருக்குமே அதை லேசாகச் சுரண்டினாயா, ரத்தம் பட்டதா, யூஜெனால் கலந்த சிமென்ட் எதுவும் அந்தப் பல்லில் வைத்தாயா.

"இல்ல" என்றேன் கடைசிக் கேள்விக்கு. உண்மைதான். நான் வைக்கவில்லை.

"அப்போ ஒன் கையிதான்" என்றாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் போனை வைத்த பிறகும் அது காதிலேயே கிடந்தது.

ஜூலை 8

கம்ப்ரஸரைத் திறந்து வடித்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. ஆகா, இதுதான் திருடன் என்று குதித்தேன். விளக்கையும் சோதித்தேன். அதே வகையில் புதுப் பாட்டில் தருவித்தேன். மாமாவை அழைத்து மூன்றாம் முறை கட்டினேன். பிரேமா மூச்சு விடாமல் நின்றாள்.

வலிக்கிறதா மாமா என்று நடுவில் கேட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஜூலை 10

கொட்டகையில் ஒலிபெருக்கி சோதனை. மாமா மைக் முன்னால் நின்று, "பக்தர்கள் கவனத்திற்கு" என்றார். 'கவனத்திற்கு' வரும்போது பல் மைக்கின் மேலேயே விழுந்து 'டொக்' என்றது. அந்த 'டொக்' ரதவீதி முழுக்கக் கேட்டது. ஊசிப்பட்டாசு மாதிரி.

பூக்கடை சண்முகத்தாய் அக்கா என்னைப் பார்த்து, "என்னம்மா, பசைய வீட்லயே காய்ச்சுதியா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. பல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் காற்று வரும் என்பதாலா, என் மேல் வருத்தமா, தெரியவில்லை.

ஜூலை 11

கொடியேறிவிட்டது. மைக்கில் யாரோ ஒரு தம்பி கத்துகிறான். மாமா ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

இன்று ஒருவர்கூடக் கிளினிக்குக்கு வரவில்லை. பிரேமாவை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் கைதான் என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் மாவட்டத்தில் எங்காவது மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து பில் சரிபார்க்கப் போய்விடலாம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்ப்பேன். நின்றால் சரி. இல்லையென்றால் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். அழுதுகொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

ஜூலை 12

கிளினிக் சாவியை மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினேன்.

புழக்கடையில், கிணற்றுத் திண்டில், மாமா வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறார். அத்தை அவர் தாடையை ஒரு கையால் ஏந்திக்கொண்டு, பஞ்சுக் குச்சியால் அந்த உடைந்த பல்லில் எதையோ ஒற்றி ஒற்றி எடுக்கிறார். குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி அவ்வளவு கவனம். பக்கத்தில் சின்னப் பழுப்புப் பாட்டில் ஒன்று.

கிராம்புத் தைலம்.

"என்ன அத்தை இது?"

"ஒண்ணுமில்லட்டி. நீ மிஷின வச்சு ராவும்போது அவுகளுக்கு வலிக்கும்லா. அதான் முன்னாடியே ஒரு சொட்டு. ஒவ்வொரு தடவையும் போட்டுத்தான் அனுப்புதேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பொறவும் ராத்திரி படுக்கைல ஒரு சொட்டு. எனக்குக் கடவாப்பல் வலிச்சப்ப நீதான இந்தப் பாட்டிலக் குடுத்த, வலிச்சா ஒரு சொட்டு வைங்கன்னு."

நான்தான் கொடுத்தேன். கிராம்புத் தைலத்தில் இருப்பதுதான் யூஜெனால். யூஜெனால் ஊறிய டென்டினில் ரெசின் சரியாக இறுகாது, பசையும் பிடிக்காது. அதிலும் நான் கழுவத் தேவையில்லாத பாட்டிலை வேறு பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தேன். அமிலம் வைத்துக் கழுவியிருந்தால் தைலம் கொஞ்சமாவது போயிருக்கும். மூன்று தடவை அந்த வாய்க்குள் மூக்கை வைத்து வேலை செய்திருக்கிறேன். கிராம்பு மணத்திருக்க வேண்டும். மணத்தும் இருக்கும். நாள் முழுக்கக் கிராம்புக்குள்ளேயே கிடக்கிற மூக்கு எனக்கு. இப்படி ஒரு தப்பைப் பல் டாக்டரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

முதலில் கோபம்தான் வந்தது. கத்தப் போனேன். அத்தை என் முகத்தைப் பார்த்தே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். மாமா பல் விளக்கப் போன நேரத்தில் என்னிடம் வந்து, மெதுவாக, "அதனாலயாட்டி விழுது?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

உட்கார்ந்துவிட்டார். "நானால்லா பிடுங்கிப் போட்டிருக்கேன். ஊர் பூரா ஒன்னப் பேசுதாளுவ. அவுக மைக்கும் போச்சு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகைச் சத்தம் மாமாவுக்குக் கேட்கக் கூடாதாம். "அவுககிட்டச் சொல்லிராத தாயி. நாப்பது வருசத்துல ஒரு நாளும் என் கையால அவுகளுக்கு ஒரு கெடுதல் வந்ததில்ல."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். தைலம் மணக்கிற கை. எனக்கு வாசனை தெரியவில்லை, ஆனாலும் மணக்கும் என்று தெரியும்.

மாமா முகம் துடைத்துக்கொண்டு வந்தார். "மாமா, கண்டுபிடிச்சிட்டேன். என் பாட்டில்தான் கெட்டுப்போச்சு. திறந்து வச்சிட்டேன். தப்பு என்னுதுதான். ஒரு வாரம் பல்லச் சும்மா விடணும். தைலம், மருந்து எதுவும் வைக்கக் கூடாது. பொறவு கட்டுதேன்" என்றேன்.

மாமா என்னையே பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "சரி தாயி" என்றார்.

ஜூலை 14

நான் சொன்ன பொய் ஊரைச் சுற்றிவிட்டது. டாக்டரம்மா கெட்டுப்போன மருந்து போட்டுவிட்டாளாம். சொந்த மாமனாருக்கே இப்படி என்றால் நமக்கு எப்படி. பிரேமா கண்ணீரோடு வந்து ஒப்பித்தாள். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கருவிகளைக் கழுவினேன். என்னவோ, பயம் போய்விட்டது. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஊர் என்ன பேசினால் என்ன என்று இருக்கிறது.

பொய். ராத்திரி அதை நினைத்துத் தூங்கவில்லை.

ஜூலை 16

தைலம் இல்லாமல் மாமாவுக்குப் பல் கூச்சம். காப்பி குடிக்க முடியவில்லை. அத்தை எல்லாவற்றையும் ஆற வைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கிறார். மாமா குடிக்கும்போது அத்தையின் முகம்தான் சுளிக்கிறது.

ஜூலை 19

கட்டிவிட்டேன்.

இந்த முறை பழைய வழி. மேல்பூச்சை மெல்லச் சுரண்டிப் புது டென்டினைக் கொண்டு வந்தேன். அமிலம் தனியாக வைத்தேன். நன்றாகக் கழுவினேன். காற்றடிக்காமல் பஞ்சால் ஒற்றி, ஈரம் பளபளக்கிற அளவில் நிறுத்தினேன். பிறகு பசை, பிறகு வெளிச்சம், பிறகு ரெசின்.

மாமாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டேன். அத்தையை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வேலை முடியும்வரை அத்தை கண்ணை மூடிக்கொண்டு சங்கரநாராயணரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் ஒரு காரணியா என்று நூர்ஜஹானிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 20

நிற்கிறது. இட்லி, தயிர்ச்சோறு, முறுக்கு. முறுக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஜூலை 21

தபசு. நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானத்திலிருந்து மறுபடி மாமாதான் மைக்கில். ரதவீதியில் ஊசி விழ இடமில்லை. விவசாயிகள் நேர்ந்துகொண்டு எறிகிற பருத்தியும் வத்தலும் அம்மன் சப்பரத்தின் மேல் சூறையாகப் பறக்கின்றன. நான் சண்முகத்தாய் அக்காவின் பூக்கடைப் பந்தலில் நசுங்கிக்கொண்டு நிற்கிறேன். மேலே ஒலிபெருக்கியில் மாமா: "மஞ்சள் சட்டை, நீல டவுசர் அணிந்த சிறுவன், பெயர் சுப்பிரமணியன், வயது நான்கு." ஒவ்வொரு 'சு'வும் 'ஸ்'ஸும் சுத்தமாக வருகிறது. நான் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் பல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், சாமி மன்னிக்கட்டும்.

"இந்தப் பாட்டிலாவது நல்ல பாட்டிலா டாக்டரம்மா?" என்றாள் சண்முகத்தாய் அக்கா. பக்கத்தில் நாலு பேர் திரும்பினார்கள். நான் சிரித்து வைத்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அத்தையின் குரல்.

"இந்தாங்க, காப்பி. ஆற வச்சிருக்கேன்."

அத்தை கொட்டகைக்குக் காப்பி கொண்டு போயிருக்கிறார். மாமா மைக்கை அணைக்க மறந்துவிட்டார். காப்பியை உறிஞ்சும் சத்தம் நாலு ரதவீதியிலும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நான் கொட்டகையைப் பார்த்துக் கையை வீசினேன். அந்தக் கூட்டத்தில் என் கை யாருக்குத் தெரியும்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றது அத்தையின் குரல். "ஒங்க பல்லு விழுந்ததுக்கு வடிவு காரணமில்ல. அவ பாட்டில் நல்ல பாட்டில்தான். நான் தைலம் போட்டேன்லா, அந்தக் கிராம்புத் தைலம், அதுதான் பசைய ஒட்ட விடலியாம். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ள பழியத் தன் தலைல போட்டுக்கிட்டு. ஊர் பூரா அவளப் பேசுது. என்னால சோறு திங்க முடியல."

ரதவீதி அப்படியே நின்றுவிட்டது. சூறை எறிகிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் எங்கள் பந்தலில் ஒருவரும் அசையவில்லை.

"எனக்குத் தெரியும்ளா" என்றார் மாமா.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வரல. ஒன் மூஞ்சிலயும் எழுதி ஒட்டியிருந்துச்சு. நீ அழுவியேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். நம்ம ரெண்டு பேருக்காவ அவ பேரக் கெடுத்துக்கிட்டா பாத்தியா. பெத்த மவளா இருந்தாலும் செய்வாளா?"

அத்தையின் விசும்பல் ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது. பிறகு ரேடியோ செட்காரர் யாரையோ அதட்டும் குரல். பிறகு மாமா, தாழ்ந்த குரலில், "அட சவமே, மைக்கு."

ஒரு 'கிளிக்'. அமைதி. மறுபடி ஒரு 'கிளிக்'.

"பக்தர்கள் கவனத்திற்கு. மஞ்சள் சட்டை அணிந்த சிறுவன் சுப்பிரமணியனின் பெற்றோர் உடனே தெற்கு ரதவீதி கொட்டகைக்கு வரவும்." குரல் தழுதழுத்தது. பல் ஆடவில்லை.

நான் அங்கேயே நின்று அழுதேன். ஊர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன். சண்முகத்தாய் அக்கா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, வியாபாரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஜூலை 22

கிளினிக் திறக்குமுன்பே வாசலில் ஆள். சண்முகத்தாய் அக்காதான், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. பின்னால் படிக்கட்டில் இன்னும் சிலர்.

"பிடுங்கவா அக்கா?" என்றேன்.

"பிடுங்கவா வந்தேன்? கட்டிவிடு. ராத்திரி பூரா வலி உயிர் போச்சு. ஆனா தைலம் ஒரு சொட்டு தொடலம்மா, மைக்குல கேட்டேன்லா" என்று வாயைத் திறந்தாள்.